பெரியவர்களுக்கு எப்போது எழுதுவீர்கள்?

ஞாயிறன்று காரைக்குடி மேடையில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள் என்பதால் மறுபடி விவரிக்கவில்லை. சிறுவர் கதைகளும் அசைபடங்களும் செய்யும் எனக்குச் சால்வையைப் போர்த்திய கையோடு, "பொம்மைப் படம் போட்டது போதும், பெரியவர்களுக்கு எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டதும், அரங்கம் சிரித்ததும், நானும் சேர்ந்து சிரித்ததும் அதில் இருக்கின்றன. நான் சிரித்ததுதான் மூன்று நாட்களாக உறுத்துகிறது.

குழந்தைகளுக்கு எழுதுவதும் அவர்களுக்காகப் படங்களை அசைய வைப்பதும் முழு வேலை. வேறெங்கோ ஏறுவதற்கான படிக்கட்டு அல்ல.

பில் பீட் என்ற அமெரிக்கர் 1937இல் டிஸ்னியில் இடைப்படங்கள் (ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வரும் படங்கள்) வரையச் சேர்ந்து, டொனால்ட் வாத்தையே வரைந்து வரைந்து சலித்தவர். 1961இல் வெளிவந்த 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' படத்தின் கதையைத் தனியொருவராக எழுதுமளவுக்கு உயர்ந்தவர். 1964இல் வால்ட் டிஸ்னியோடு மோதிக்கொண்டு, 27 ஆண்டு வேலையை உதறினார். உதறிவிட்டுப் பெரியவர்களுக்கு நாவல் எழுதப் போனாரா? ஏற்கெனவே தொடங்கியிருந்த சிறுவர் நூல்களைத்தான் தொடர்ந்தார். அவை முப்பதைத் தாண்டின. 1989இல் வெளிவந்த தன்வரலாற்றைக்கூடச் சிறுவர் படிக்கும் படநூலாகவே தந்தார்.

"அது அமெரிக்கா" என்பீர்கள். சரி, நம் புதுக்கோட்டை மாவட்டத்து ராயவரத்துக்கு வாருங்கள். 1922இல் அங்கே பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, குழந்தை எழுத்தாளர்களுக்கென்றே 1950இல் சங்கம் கண்டவர். 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில், குழந்தை இலக்கியத்தைப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தவர் மயங்கி விழுந்தார், உயிர் பிரிந்தது. அவரிடமும் யாரேனும் இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார்களோ?

"அவர் இந்தியன் வங்கியில் சம்பளம் வாங்கியவர், ஆகவே அது பொழுதுபோக்குதானே" என்று ஒரு நண்பர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். பாட்டுக்குச் சோறு போடாத சமூகம், பாடியவரைப் பார்த்துப் பொழுதுபோக்கு என்று சொல்வது நல்ல கணக்குத்தான். பணப்பெட்டியடியில் உட்கார்ந்த பரம்பரை அல்லவா!

அசைபடத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது ஃப்ரேம்கள். இரண்டு சட்டகத்துக்கு ஒரு ஓவியம் என்று சிக்கனம் பிடித்தாலும் 12 ஓவியங்கள். சென்னையில் முதல் ஆண்டு, ஒரு யானைக்குட்டி வாசற்படி ஏறுவதை நான் பதினோரு நாட்கள் வரைந்தேன். அந்த ஆண்டில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்களிடம், அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் அழைப்போம்) என் முகத்தைப் பார்க்காமல், "கம்ப்யூட்டரில் வேலை" என்றார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆத்தா உள்ளே போய்விட்டார். யானைக்குட்டியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

கேட்டவர் வயதில் மூத்தவர், அன்பாகத்தான் கேட்டார், இதைப் பெரிதுபடுத்தலாமா என்பவர்களுக்கு: அன்பாகத்தான் கேட்டார், ஒப்புக்கொள்கிறேன். அப்பச்சியும் என்மேல் இருந்த அன்பினால்தான் அப்படிச் சொன்னார். அன்பாகச் சொன்னதால்தானே இரண்டு இடத்திலும் என்னால் வாய் திறக்க முடியவில்லை?

பெரியவர்களுக்கு எப்போது எழுதுவேன் என்று கேட்டீர்களே, ஐயா, இதோ எழுதிவிட்டேன். காலைக்குள் முடிக்க வேண்டிய முயல் கதை பாதியில் கிடக்கிறது.