நாமினி போட்டாச்சு, சரி. கணக்கு யார் பேரில் இருக்கு?

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் மீனவக் குடும்பத்துக்கு வரும் அவசரம் எப்போதும் சாவாக வருவதில்லை. ஆள் உயிரோடு இருப்பார், கையெழுத்துப் போட மட்டும் முடியாது. இலங்கைக் கடற்படை பிடித்துப்போய் யாழ்ப்பாணம் சிறையில் இருக்கலாம். மதுரையில் ஐசியூவில் நினைவில்லாமல் கிடக்கலாம். கணக்கில் பணம் இருந்தும் மனைவியால் நூறு ரூபாய் எடுக்க முடியாது. "நாமினி போட்டிருக்கோமே" என்பார்கள். கணக்குக்காரர் இறந்த பிறகுதான் நாமினிக்கு வேலை. அதுவரை அவருக்கு அந்தக் கணக்கில் எந்த உரிமையும் கிடையாது.

அதனால் என் கட்சி இதுதான்: முதலில் ஜாயிண்ட் அக்கவுண்ட், மற்றதெல்லாம் அப்புறம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'இருவரும் சேர்ந்து' என்று பதிந்திருந்தால் இரண்டு கையெழுத்தும் வேண்டும், பழைய சிக்கலேதான். 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று இருக்க வேண்டும். பாஸ்புக்கை எடுத்து இன்றைக்கே பாருங்கள். ஓடிபி வருகிற போன் படகோடு கடலுக்குப் போய்விடும் என்பதால், வீட்டில் இருப்பவருக்குத் தனி ஏடிஎம் கார்டும், அவர் நம்பர் வங்கியில் பதிந்திருப்பதும் அவசியம். நகையை அடகு வைப்பதும் கரையில் இருப்பவர் பேரில்தான் நல்லது. வைத்தவர் வராமல் மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கடலில் காணாமல் போவது இதைவிடக் கொடுமை. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. அதுவரை இன்சூரன்ஸ் பணமும் இழுத்தடிக்கும். அன்றே போலீஸில் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகலை வாங்கி வையுங்கள். கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுத்த அனுமதிச் சீட்டின் (டோக்கன்) விவரமும் கையில் இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் என்றதும் ஒன்று. பிரதமரின் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீடு 436 ரூபாய். தலா 2 லட்சம். மொத்தம் 456 ரூபாய், மீன் விற்றதில் ஒரு நாள் கிடைக்கும் பங்குக்காசில் அடங்கிவிடும். ஆனால் வங்கி இதைப் பிடிப்பது மே கடைசி வாரத்தில். நமக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கணக்கு துடைத்து வைத்தது போல இருக்கும் நேரம் அது! பணம் இல்லையென்றால் பாலிசி போச்சு, பல பேருக்கு அது தெரிவதுகூட இல்லை. ஆயுள் காப்பீட்டில் மறுபடி சேர்ந்தாலும் முதல் 30 நாளுக்கு விபத்துச் சாவுக்கு மட்டும்தான் பணம். தடை தொடங்குமுன் 500 ரூபாயைக் கணக்கில் போட்டுவிட்டு, அதை மறந்துவிடுங்கள். இரண்டு வங்கியில் இரண்டு ஆயுள் பாலிசி போட்டாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான்.

தடைக்காலத்தை அவசரம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தேதி தெரிந்த செலவு அது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயை 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய்தான். ஆக அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு சேமிப்பு, நோய் நொடிக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் ஜூனில் இரண்டும் இருக்காது. அப்புறம் மூணு வட்டிக்குத்தான் போக வேண்டும்: 50,000 வாங்கினால் மாதம் 1,500, வருஷத்துக்கு 18,000, அசல் அப்படியே நிற்கும். மீன் வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் வட்டியில்லாதது போலத் தெரியும். அவர் மீன் விலையில் எடுத்துக்கொள்வார்.

முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு. வருமானச் சான்றுக்கு ஆள் படுத்த பிறகு அலையாதீர்கள். அட்டை சிகிச்சைக்குத்தான், மதுரையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரின் சாப்பாடு, பஸ், தங்கல் எல்லாம் நம் கைக்காசு. அதற்கென்று ஒரு பத்தாயிரமாவது தனியாகக் கிடக்கட்டும், நகையாக இல்லை, பணமாக. ராத்திரி இரண்டு மணிக்கு அடகுக்கடை திறந்திருக்காது.