பெரியப்பா கேட்ட கேள்வி

"பாரக்ஸில் ஒருநாள் படுத்துப் பார்த்திருக்கியாம்மா நீ?" என்று பெரியப்பா கேட்டார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள், திருநர்கள் எல்லாரும் ராணுவத்தில் வெளிப்படையாக இருக்கலாமா என்று பேச்சு வந்ததும் இப்படித்தான் ஆரம்பித்தார். நான் படுத்ததில்லைதான். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் ஒரு முழம் இடைவெளி, காலடியில் நம்பர் எழுதின கறுப்பு ட்ரங்குப் பெட்டி, குளியல் எல்லாருக்கும் ஒரே குழாயடியில். எல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான். அந்தப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது, வெள்ளை பெயின்ட் நம்பர்கூட அழியவில்லை.

அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் "கூட இருக்கிற பசங்க ஏத்துக்க மாட்டாங்க" என்கிற வாதத்தை நாம் ஏற்கெனவே கேட்டாயிற்று. கிராமத்திலிருந்து வரும் ஜவான்கள் பெண் அதிகாரியின் கீழ் வேலை செய்ய மனதளவில் தயாராக இல்லை என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 2020 பிப்ரவரி 17 தீர்ப்பில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இத்தனைக்கும் 1992-லேயே நம் பரங்கிமலை அகாடமியில் பெண்கள் அதிகாரிப் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள். பெரியப்பாவும் கிராமத்து ஆள்தான், கடைசி மூன்று வருஷம் ஒரு பெண் மேஜருக்குக் கீழேதான் இருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "முதல் வாரம் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் ஆர்டர்னா ஆர்டர்தானே" என்றார். இதைத்தானே பெரியப்பா நானும் சொல்கிறேன்!

கடற்படையில் மாலுமியாக இருந்த திருநங்கை சபியை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறாது. 2010-இல் கடற்படையில் சேர்ந்து கப்பல் எந்திரப் பிரிவில் வேலை பார்த்தவர். விடுப்பில் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சேரும்போது இருந்த பாலினத்தை மாற்றிக்கொண்டார், விதியில் இடமில்லை என்று 2017 அக்டோபரில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் ஏப்ரலில்தான் இங்கே திருநங்கையான பிரித்திகா யாஷினி தர்மபுரியில் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்றார். அன்றைக்குக் கடற்படையில் மாலுமி வேலைக்குப் பெண்களையே எடுப்பதில்லை. 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்கா கடற்படைப் பயிற்சி மையத்தில் 273 பெண்கள் அக்னிவீரர்களாகப் பயிற்சி முடித்தார்கள். ஆறு வருஷத்துக்குள் விதி மாறிவிட்டது, சபிக்கு மட்டும் ஏழு வருஷ அனுபவத்தோடு வேலை போனது.

வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை என்று 377-ஆவது பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பரில். நாலே மாதத்தில், அன்றைய ராணுவத் தளபதி பிபின் ராவத், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம், ராணுவச் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம் என்றார். அந்தச் சட்டத்தின் 46-ஆவது பிரிவில் 'இயற்கைக்கு மாறான' நடத்தைக்கு ஏழு வருஷம் வரை சிறை. படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சாசனத்தின் 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, அது உண்மைதான். சுருக்கியே ஆக வேண்டும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

பாரக்ஸில் யாராவது யாரிடமாவது தப்பாக நடந்தால் தண்டியுங்கள். ஆண், பெண், யாராக இருந்தாலும் தண்டியுங்கள். நடத்தைக்குத் தண்டனை, ஆளுக்கு இல்லை. "உங்க யூனிட்டில் அப்படி ஒருத்தர்கூட இருந்ததில்லையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "ஒருத்தன் இருந்தான். நல்ல டிரைவர். பனியில அவன் வண்டியிலதான் எல்லாரும் ஏறுவோம். எங்களுக்குத் தெரியும், யாரும் மேல சொல்லல" என்றார்.

அந்த டிரைவர் சர்வீஸ் முழுக்க யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடுதானே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்? 46-ஆவது பிரிவில் இருக்கிற 'இயற்கைக்கு மாறான' என்ற அந்த வார்த்தையை எடுங்கள், சபி மாதிரி ஆட்களை வெளியே தள்ளுகிற விதியைத் திருத்துங்கள். பெரியப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மறுபடி பேசுவேன்.