பாக்டீரியா மருந்தைப் பார்த்து மாறுகிறதா?

"ஆன்டிபயாடிக்கைக் கண்டதும் பாக்டீரியா தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, இதுதான் பரிணாமம்" என்றொரு செய்தி மாணவர்களிடையே சுற்றுகிறது. தவறு. ஒற்றைச் செல்லுக்கு அவ்வளவு தொலைநோக்கு ஏது?

1952-ல் அமெரிக்க மரபியல் அறிஞர்கள் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் இருவரும் இதைச் சோதித்தார்கள். தட்டில் வளர்ந்த பாக்டீரியாவின் மேல் வெல்வெட் துணியை ஒற்றி, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தட்டுகளில் அப்படியே பதித்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் அதே இடங்களில் சில கூட்டங்கள் பிழைத்தன. மூலத் தட்டின் அந்த இடங்களிலிருந்து எடுத்துப் பெருக்கியபோது, மருந்தையே சந்திக்காத, ஆனால் அதை எதிர்த்துப் பிழைக்கும் வகை கிடைத்தது.

அதாவது எதிர்ப்பைத் தரும் சடுதிமாற்றம் (மரபணுவில் ஏற்படும் மாற்றம்) முன்பே தற்செயலாக நிகழ்ந்திருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை, மற்றவற்றைக் கொன்றது. பிழைத்தவை பெருகியதால் அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்த மாறிய மரபணுவின் விகிதம் கூடியது. மாறியது தனி உயிரி அல்ல, உயிரித்தொகை, அதாவது பாக்டீரியாக் கூட்டம் முழுவதும்.