ரயில் மோதிய அணுக்கலம்: அது விபத்து அல்ல

பாய்ந்துவரும் ரயில் ஒன்று தண்டவாளத்தில் கிடக்கும் கனத்த கலத்தில் (பயன்படுத்திய அணு எரிபொருளை எடுத்துச்செல்லும் கொள்கலனில்) மோதிச் சிதறும் பழைய வீடியோ, ‘பிரிட்டன் அரசு மூடிமறைத்த அணு விபத்து’ என்ற குறிப்புடன் பரவுகிறது. மூடிமறைப்பா? பத்திரிகையாளர்களையும் பார்வையாளர்களையும் வரவழைத்து, பட்டப்பகலில் காட்டிய சோதனை அது!

அணுமின் நிலையங்களிலிருந்து இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு மறுசுத்திகரிப்பு ஆலைக்கு, பயன்படுத்திய எரிபொருள் இத்தகைய கலங்களில் சாதாரண ரயில் பாதைகளிலேயே சென்றது. மக்களின் அச்சத்தைப் போக்க, அரசுடைமையான மத்திய மின் உற்பத்தி வாரியம் பிரிட்டிஷ் ரயில்வேயின் உதவியுடன் 1984 ஜூலை 17 அன்று இங்கிலாந்தின் ஓல்ட் டால்பி ரயில் சோதனைத் தடத்தில் இதை நடத்தியது. மூன்று பெட்டிகளை இழுத்த டீசல் என்ஜினை, ஓட்டுநர் இல்லாமல், மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். கலத்துக்குள் கதிரியக்க எரிபொருள் இல்லை; அழுத்தத்தில் அடைத்த நீர் இருந்தது. என்ஜின் உருக்குலைந்தது. கலத்தின் உள்ளழுத்தமோ மிகச் சிறிதளவே குறைந்தது.

இதே வீடியோவைக் காட்டி ‘ஆபத்தே கிடையாது’ என்று பதிலடி கொடுப்பவர்களும் மிகைப்படுத்துகிறார்கள். மோதல் வேறு, நெருப்பு வேறு. சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளே, இத்தகைய கலங்களுக்கு 9 மீட்டர் உயரத்திலிருந்து விழவிடும் சோதனையோடு, 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடம் தாங்கும் சோதனையையும் கேட்கின்றன.