பைலட்டுக்கு எதுக்குய்யா சங்கம்னு கேக்குறவங்களுக்கு

2025 டிசம்பர்ல இண்டிகோ பிளைட் ஆயிரக்கணக்குல கேன்சல் ஆச்சு இல்லைங்களா, அப்ப இருந்தே இதை எழுதணும்னு மனசுல கெடந்துச்சு. கோயம்புத்தூர்ல இறங்கி ஊட்டி, குன்னூர் வரவேண்டியவங்க வரமுடியாம ரூம் புக்கிங் எல்லாம் போச்சு, நம்ம டாக்ஸி பசங்களுக்கும் சவாரி இல்ல. அந்த வாரம் குன்னூர் பெட்ஃபோர்ட்ல டீக்கடையில நின்னா எல்லாரும் ஒரே பேச்சு, "மாசம் லட்சக்கணக்குல வாங்குறானுங்க, ராத்திரி ரெண்டு தடவ இறக்குறதுக்கு வலிக்குதாமா, அவனுக்கு எதுக்குய்யா சங்கம்". கேட்டுட்டு எனக்கு வயிறு எரிஞ்சுது.

முதல்ல நடந்தது என்னன்னு சொல்லிடுறேன். விமானக் கம்பெனிங்களுக்கு விதி போடுற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியிலயே பைலட்டுக்கு புது டூட்டி நேர விதி கொண்டு வந்துடுச்சு. வார ஓய்வு 36 மணி நேரமா இருந்தது 48 ஆகணும், ராத்திரி டூட்டியில 6 லேண்டிங் வரைக்கும் விட்டது 2 ஆகணும். அதே வருஷம் ஜூன்ல வரவேண்டியது, கம்பெனிங்க முடியாதுன்னு சொல்லித் தள்ளிப்போச்சு. பைலட் சங்கங்க டெல்லி ஐகோர்ட்டு வரைக்கும் போய் அலைஞ்சு, கடைசியில 2025 ஜூலையில பாதி, நவம்பர்ல மீதின்னு அமலுக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டைம் இருந்துச்சுங்க. அதுக்குத் தக்க பைலட்டை எடுக்காம விட்டதாலதான் பிளைட் கேன்சல் ஆச்சு. எடுக்காம விட்டது யாரு, திட்டு வாங்குனது யாரு? சிக்கல் பெருசானதும் இண்டிகோவுக்கு விதியைத் தற்காலிகமா தளர்த்தியும் விட்டாங்க. ஓய்வுன்னு எழுதுனதை ஒரே வாரத்துல திரும்ப எடுக்க முடியும்னா பைலட் யாரை நம்பி வண்டி ஓட்டுவான்?

நான் குன்னூர் டிப்போவுல பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். மேட்டுப்பாளையம் காட் ரோட்டுலதான் என் சர்வீஸ் பூரா போச்சு. எங்க அக்கா பையன் ஒரு சின்ன ஏர்லைன்ஸ்ல ஏடிஆர் விமானத்துல கோ-பைலட். கம்பெனி பேரு வேண்டாம், அவன் பொழப்பு இருக்கு. அவனைப் படிக்க வைக்க அரை கோடிக்கு மேல போச்சுங்க. அக்காவோட டீ தோட்டம் பேங்க்ல இருக்கு, பச்சைத் தேயிலை விக்கிற விலைக்கு அந்தக் கடனுக்கு வட்டி கூட தேறாது, எல்லாம் அவன் சம்பளத்துல இருந்துதான் போகணும். கேப்டன் சம்பளத்தைக் கேள்விப்பட்டுட்டு எல்லா பைலட்டும் கோடீஸ்வரன்னு பேசுறவங்க இந்த மாதிரி வீட்டுக்கு ஒரு தடவ வந்து பாக்கணும்.

ஏடிஆர்னா இறக்கையில காத்தாடி சுத்துமே, அந்த எழுவது சொச்சம் பேர் போற சின்ன விமானம். பெரிய ஜெட் மழை மேகத்துக்கு மேல ஏறிப் போயிடும், இது 25,000 அடிக்கு மேல போகாது, அதனால ஐப்பசி கார்த்திகையில மேகத்துக்கு நடுவுலயேதான் வழி தேடிப் போகணும். பெரிய விமானத்துல தரையில நிக்கும்போது ஏசிக்கும் கரண்டுக்கும் வால்ல தனியா ஒரு குட்டி இன்ஜின் இருக்குமாம், ஏடிஆர்ல அது கிடையாது. வலது பக்க இன்ஜினையே ஓடவிட்டு காத்தாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி சமாளிக்கணும், அதையும் ஓட்ட முடியாத நேரத்துல சித்திரை வெயில்ல காக்பிட்ல உக்காந்தா சட்டையைப் பிழியலாம் மாமாங்கறான். டெல்லி போற பைலட் ஒரு தடவ ஏத்தி ஒரு தடவ இறக்குற நேரத்துக்கு இவன் மூணு தடவ இறக்கி ஏத்திடுவான். ரொம்ப கவனம் வேணுங்கறதே ஏத்துறதுலயும் இறக்குறதுலயும்தான், காட் ரோட்டுல கொண்டை ஊசி வளைவு மாதிரி. நடுவுல இருக்குற நேர் ரோட்டை யாரு வேணா ஓட்டலாம். விதியிலயும் லேண்டிங் கூடக் கூட டூட்டி நேரம் குறையணும்னுதான் வெச்சிருக்காங்க.

ஆனா சம்பளம் எப்படிப் போடுறாங்க தெரியுங்களா? ஒரு நிலையான தொகை, அதுக்கு மேல பறந்த மணிக்கணக்கு. பறந்த மணின்னா சக்கரத்துக்கு வெச்ச கட்டையை எடுத்ததுல இருந்து திரும்பக் கட்டை வெக்கிற வரைக்கும் மட்டும். லீவுக்கு வந்திருந்தப்ப போன்ல ஒரு நாள் ரோஸ்டரை, அதான் டூட்டி அட்டவணையைக் காட்டுனான். காலையில 5 மணிக்கு ரிப்போர்ட்டிங். அதுக்கு 3 மணிக்கே எந்திரிச்சாகணும். நாலு செக்டர், அதாவது நாலு தடவ ஏத்தி இறக்கணும், நடுவுல ஒரு ஊர்ல மேகம் எறங்கி ரன்வே தெரியலைன்னு ரெண்டு மணி நேரம் காத்திருப்பு, டூட்டி முடியும்போது சாயங்காலம் நாலரை. பதினொன்றரை மணி நேரம் யூனிஃபார்ம்ல இருந்திருக்கான், கணக்குல ஏறுனது 4 மணி 50 நிமிஷம். பெரிய ரூட் ஓட்டுறவனுக்கு அதே பதினொன்றரை மணி நேரத்துல ஏழு மணி எட்டு மணி ஏறிடும். கஷ்டமான வேலைக்கு கம்மி மணி, கம்மி காசு. இதுதான் நான் இங்க சொல்ல வந்த முக்கியமான விஷயம். சின்ன ஊருக்கு ஓட்டுற பைலட்டுக்கு மணிக்கணக்கு நியாயமே இல்ல, டூட்டி நேரத்தையும் லேண்டிங்கையும் வெச்சுத்தான் கூலி பேசணும், அதையும் தனித்தனியா இல்ல, எல்லாரும் சேந்து ஒரே மேசையில உக்காந்து பேசணும்.

நாங்க பேசுனோமே. 2025 நவம்பர்ல புது தொழில் சட்டங்க வர்ற வரைக்கும் 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, நடு ஓய்வெல்லாம் சேத்தாலும் ஸ்ப்ரெட் ஓவர் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. பர்லியார்ல மரம் விழுந்து நாலு மணி நேரம் வண்டி நின்னாலும் அது டூட்டிதான், டைம் கீப்பர்கிட்ட எழுதி வாங்குனா கணக்குல வந்துரும், சக்கரம் சுத்தலையேன்னு யாரும் கேக்க முடியாது. தொமுச, சிஐடியு, ஏஐடியுசி, அண்ணா தொழிற்சங்கம்னு எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை. ஆனாலும் ஊதிய ஒப்பந்தம்னு வந்தா மந்திரி முன்னாடி ஒண்ணா உக்காருவோம், அப்ப இருந்த தொழில் தகராறு சட்டம் 12(3) பிரிவுல கையெழுத்தாகும். கேட்டது முழுசா கிடைச்சதுன்னு சொல்லமாட்டேன், இழுத்து இழுத்துத்தான் தந்தாங்க. ஆனா வந்தது எல்லா டிரைவருக்கும் வந்துச்சு.

எங்க பையன் கையெழுத்து போட்ட கான்ட்ராக்டை நான் உக்காந்து படிச்சேன். தனி ஆளு, எதிர்ல கம்பெனி. ட்ரெயினிங் செலவுக்கு பாண்டு, நடுவுல போனா பல லட்சம் கட்டணும். ரோஸ்டரை எப்ப வேணா மாத்தலாம், டூட்டி ஆரம்பிக்கிற பேஸ் ஊரை மாத்தலாம், அலவன்ஸை "கம்பெனி கொள்கைப்படி" திருத்தலாம். வருஷா வருஷம் மெடிக்கல் பாஸ் ஆனாத்தான் லைசென்ஸ், ஆனா மெடிக்கல்ல ஃபெயில் ஆனா வீட்டுக்கு என்ன கிடைக்கும்னு ஒரு வரி கூட அதுல இல்லைங்க, அதைத் தேடித் தேடிப் பாத்தேன். வேலையை விடணும்னா கோ-பைலட் 6 மாசம், கேப்டன் 1 வருஷம் நோட்டீஸ் குடுக்கணும்னு 2017-ல டிஜிசிஏவே விதி போட்டுருச்சு. சரி, கம்பெனி மூடுறதுக்கு எத்தனை மாசம் நோட்டீஸ்? கிங்ஃபிஷர் 2012-ல, ஜெட் ஏர்வேஸ் 2019-ல, கோ ஃபர்ஸ்ட் 2023-ல, சம்பள பாக்கியோட நின்னு போச்சு. நம்ம கோயம்புத்தூர்ல இருந்து ஏடிஆர் ஓட்டுன ஏர் கார்னிவல் 2016-ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே நின்னுது.

பெரிய கம்பெனியிலயும் கதை இதுதான். 2024-ல ஏர் இந்தியாவோட சேரும்போது விஸ்தாரா பைலட்டுங்களுக்கு ஒரு புது கான்ட்ராக்ட் வந்துச்சு, முன்னாடி மாசம் 70 மணி நேரத்துக்கு உறுதியா இருந்த சம்பளம் 40 மணி நேரத்துக்குன்னு ஆச்சு. பேசி முடிவு பண்ணுனது இல்ல, மெயில்ல வந்தது, கையெழுத்துப் போடுன்னு. ஏப்ரல்ல நிறைய பேரு சிக் லீவு போட்டு பிளைட் கேன்சல் ஆனப்பதான் நிர்வாகம் உக்காந்து பேசவே வந்துச்சு. பேசுறதுக்கு ஒரு வழி ஒழுங்கா இருந்தா சிக் லீவு எதுக்குங்க?

அமெரிக்காவுல இதுக்கு ஒரு பெரிய வெலை குடுத்திருக்காங்க. 2009 பிப்ரவரி 12, கோல்கன் ஏர்னு ஒரு ரீஜனல் (சின்ன ஊருக்கு ஓட்டுற) கம்பெனி விமானம் பஃபலோ பக்கத்துல ஒரு வீட்டு மேல விழுந்து 50 பேர் செத்தாங்க. கேப்டன் தப்பா கையாண்டதுதான் முக்கியக் காரணம்னு அறிக்கை சொல்லுது, அதை மறைக்கல. ஆனா ரெண்டு பேருமே களைப்புல இருந்திருக்காங்கன்னும் அதுலயே இருக்கு. அந்த கோ-பைலட் பொண்ணு டூட்டி எடுக்கற நெவார்க் ஊர்ல வீடு எடுத்துத் தங்க சம்பளம் பத்தாம நாட்டோட அந்தக் கோடியில இருக்குற சியாட்டல்ல அப்பா அம்மாகூட இருந்துச்சு, முந்தின ராத்திரி பூரா சரக்கு விமானத்துல உக்காந்து வந்து அன்னைக்கே டூட்டி. அதுக்கப்புறம்தான் அங்க ஓய்வு விதியெல்லாம் மாறுச்சு. சங்கம் பலமா இருக்குற ஊர்லயே இப்படி. 2001-ல கோமேர்ங்கற ரீஜனல் கம்பெனி பைலட்டுங்க 89 நாள் ஸ்ட்ரைக் பண்ணிப் பாத்தாங்க, 2022-ல ஆள் பஞ்சம் வந்தப்பதான் சில ரீஜனல் கம்பெனிங்க முதல் வருஷ கோ-பைலட்டுக்கே மணிக்கு 90 டாலர்னு ஏத்துச்சு. முன்னாடி காசு இல்லைன்னு சொன்ன அதே கம்பெனிங்கதான்.

இங்க பையனோட வேலை பாக்குற ஒருத்தர், தூக்கம் இல்ல, இன்னைக்கு ஓட்ட முடியாதுன்னு களைப்பு ரிப்போர்ட் குடுத்திருக்காரு. விதிப்படி அது அவர் உரிமை, கடமையும் கூட. மறுநாள் ஆபீஸ்ல கூப்பிட்டு "ஏன் தூங்கல, ரூம்ல என்ன பண்ணுன"ன்னு விசாரணை. அதுக்கப்புறம் அந்த பேஸ்ல ஒருத்தனும் ரிப்போர்ட் குடுக்கறதில்லையாம். இதைக் கேட்டதுல இருந்து எங்க அக்கா அவன் டூட்டி முடிஞ்சு மெசேஜ் போடுற வரைக்கும் போனைக் கையில வெச்சுக்கிட்டே இருக்கு.

பைலட்டும் தொழிலாளிதான்னு டெல்லி ஐகோர்ட்டே சொல்லியிருக்கு. 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்துல 51% பேர் சேந்த சங்கம்தான் பேச்சுவார்த்தை சங்கம்னு இருக்கு. பெரிய கம்பெனியில ஆயிரக்கணக்கான பேரைச் சேக்கறது கஷ்டம், சின்ன ஏர்லைன்ஸ்ல மொத்தமே சில நூறு பைலட்டுதான், பாதிப் பேரைத் தாண்டுறது ஒண்ணும் மலையைப் பேக்கற வேலை இல்ல. கேப்டன் தனி, கோ-பைலட் தனின்னு நிக்காம சேரணும். அந்த சட்டத்துல தொழிலாளி யாருங்கறதுக்கு சம்பள வரம்பெல்லாம் வெச்சிருக்காங்க, மேற்பார்வை வேலைன்னு சொல்லிக் கேப்டனைத் தள்ளப் பாப்பாங்க, அதுக்கும் தயாரா இருக்கணும்.

நீலகிரி, கோயம்புத்தூர் பக்கம் பைலட் பசங்க வீட்டுக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்துல அன்னைக்கே கையெழுத்து போட விடாதீங்க, லேபர் கேஸ் பாக்குற ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க, பாண்டு தொகை வருஷா வருஷம் குறையுதா, மெடிக்கல் போனா இன்சூரன்ஸ் யாரு கட்டுறா, காத்திருக்கிற நேரத்துக்கு காசு உண்டான்னு எழுத்துல கேளுங்க. எங்க பையன் பேஸ்ல கொஞ்ச பேரு சேந்து பேச ஆரம்பிச்சிருக்காங்க, சங்கம் பதிவு பண்ற வேலை தெரிஞ்சவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, நானே அலையுறேன்.