வீடியோவில் புரிந்தது, நோட்டில் காணோம்

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறவன் நான். வாத்தியார் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குள் வந்திருக்கும் ஸ்மார்ட் போர்டு, டேப்லெட், ஆப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

மகள் ஆறாவது படிக்கிறாள். போன வாரம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை என் போனில் ஸ்கேன் செய்து, பின்னக் கூட்டல் வீடியோ பார்த்தாள். (2018-ல் புதுப் பாடத்திட்டத்தோடு வந்த ஏற்பாடு. நல்லதுதான், குறை சொல்லவில்லை.) கலர் படம், பின்னால் இசை, கேள்வியைக் கேட்ட கையோடு விடை. "புரிஞ்சிடுச்சு நைனா" என்றாள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்றேன். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதினாள்.

திட்டவில்லை. கடையில் மிஞ்சிய லுங்கித் துண்டு ஒன்றை ஆறாக மடித்துப் பிரித்து, மடிப்பின் மேல் சாக்பீஸ் கோடு போட்டேன். இதில் பாதி எத்தனை கட்டம்? மூன்று. மூன்றில் ஒரு பங்கு? கொஞ்சம் யோசித்து, இரண்டு என்றாள். "அப்போ ஆறுல அஞ்சு." சொல்லிவிட்டுத் தன் 2/5-ஐத் திரும்பிப் பார்த்தாள். "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, பாதியை விட எப்படி நைனா குறையும்?"

வீடியோ நாலு நிமிஷம். இந்தக் கேள்வி வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத் தடுமாற்றத்தைத்தான் திரை பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது என்பது என் கட்சி. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் வேலூர் போய் வந்தால் நமக்கு பஸ் ஓட்ட வந்துவிடுமா?

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. பல நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பீசா தேர்வின் முடிவுகளை வைத்து, அதை நடத்தும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2015-ல் ஒரு அறிக்கை விட்டது. பள்ளிக் கம்ப்யூட்டருக்கு நிறையச் செலவழித்த நாடுகளில் வாசிப்பிலோ கணக்கிலோ சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. அளவாகப் பயன்படுத்திய பிள்ளைகள், எப்போதாவது தொட்டவர்களை விடக் கொஞ்சம் தேவலை. எந்நேரமும் அதிலேயே இருந்தவர்கள்தான் ரொம்பப் பின்தங்கினார்கள். ஸ்வீடன் 2023-ல் பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்கத் தனியாகப் பணம் ஒதுக்கியது.

அதற்காகப் போர்டைக் கழற்றச் சொல்லவில்லை. இதயம் சுருங்கி விரிவதைச் சாக்பீஸால் எப்படிக் காட்டுவது? மகளுடைய அறிவியல் டீச்சர் வீடியோவை நடுவில் நிறுத்தி, "இங்கேருந்து ரத்தம் எங்கே போகும்? நோட்டில் அம்புக்குறி போடுங்க" என்பாராம். போட்ட பிறகுதான் மறுபடி ஓடும். என் மச்சான் மகன் படிக்கும் தனியார் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸுக்கென்று தனி ஃபீஸ். அங்கே போர்டை ஆன் செய்துவிட்டு டீச்சர் நோட்டு திருத்த உட்கார்ந்துவிடுகிறாராம். போர்டு என்னவோ ரெண்டு இடத்திலும் போர்டுதான்.

எனக்கு ஆற்றாமை வாட்ஸப் வீட்டுப்பாடத்தின் மேல்தான். எங்கள் தெருவில் பீடி சுற்றும் வீடு ஒன்று. மூன்று பிள்ளைகள், ஒரு போன், அதுவும் அப்பாவோடு நைட் ஷிஃப்ட்டுக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. அதுவரை வேறு வழியில்லை, சரி. இப்போது பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது கரும்பலகையில் எழுதிப் போட என்ன கஷ்டம்? ராத்திரி ஒன்பதுக்கு குரூப்பில் வருகிறது. காலையில் அந்தப் பையன் எங்கள் வீட்டு வாசலில் நோட்டோடு நிற்கிறான்.

இப்போது வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வீடியோவில் கணக்கைச் சொன்னதும் நிறுத்திவிட்டுப் போனைக் கவிழ்க்க வேண்டும். நோட்டில் போட்டுப் பார்த்த பிறகு மிச்சம். நேற்று நான் சொல்லாமலேயே கவிழ்த்து வைத்தாள். இருபது நிமிஷம் கழித்து நோட்டை எட்டிப் பார்த்தேன், தப்பாகத்தான் போட்டிருந்தாள். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.