குதிரையை வாந்தி எடுக்க வைக்க முடியாது

திடீர் வயிற்றுவலியில் குதிரையை இழந்தவரிடம், "உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருந்தால் பிழைத்திருக்கும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அதைச் சிலர் ஆமோதித்தும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது சரியல்ல.

குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள வளையத்தசை மிக வலுவானது, குழாய் சேரும் கோணமும் அதற்கு ஏற்றாற்போல் இருப்பதால் உள்ளே போனது மேலே திரும்பி வருவதில்லை. நாய்க்கும் நமக்கும் நடப்பதை வைத்துக் குதிரையைக் கணக்குப் போடக் கூடாது. அதனால்தான் கோலிக், அதாவது குதிரைக்கு வரும் கடும் வயிற்றுவலி, என்றதும் மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் விட்டு, தேங்கிய நீரையும் வாயுவையும் வெளியேற்றுகிறார். அழுத்தம் அளவு மீறினால் இரைப்பை கிழிந்தேவிடும். வலியில் துடிக்கும் குதிரையின் வாயில் கரைசலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து வேறு.

என்னை நம்ப வேண்டாம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெர்க் கால்நடை மருத்துவக் கையேட்டில் குதிரைகளின் கோலிக் பகுதியைப் பாருங்கள், இந்தக் குழாய் எதற்கு என்று அங்கே இருக்கும். இல்லையென்றால் தெரிந்த கால்நடை மருத்துவர் யாரிடமாவது "குதிரை வாந்தி எடுக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், குதிரையை இழந்தவருக்கு: நீங்கள் செய்யத் தவறியதாக இவர்கள் சொல்வது யாராலும் செய்ய முடியாத ஒன்று.